ஆறின புண்ணுக்குப் போட்ட கட்டு

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்ப்பது என்ன வேலை என்று உங்கள் சொந்த வீட்டிலேயே யாருக்கும் விளங்காது. நான் மருத்துவ சமூகப் பணியாளராகச் சேர்ந்த அன்று என் தாய்மாமா, "சமூக சேவையா? எந்தக் கட்சியில?" என்று எங்கள் சௌராஷ்டிர மொழியில் கேட்டார். மதுரையில் காளவாசல் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். அங்கே வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டர்வரை எல்லோருக்கும் நான் 'சோசியல் மேடம்'. வரலாறு புவியியல் நடத்துகிறவள் என்று நினைத்து ஒரு லேப் டெக்னீசியன் தன் மகனை டியூஷனில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்.

பல வருடம் இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. ஆபரேஷன் முடிந்த மனிதர் வீட்டுக்குப் போய் எப்படி வாழப் போகிறார் என்று அவரோடும் அவர் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவது நம் வேலை. வாழவே வேண்டாம் என்று முடிவு கட்டியவரோடு வாரக்கணக்கில் பேசி அந்த முடிவைத் தளர்த்துவதும் நம் வேலை. இதற்குப் படிப்பு இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. எலும்பு உடைந்தால் அரசுக் காப்பீட்டு அட்டையை நீட்டலாம். சிறுநீரகம் கெட்டால் நீட்டலாம். என் அறைக்குள் வந்து ஒரு மணி நேரம் உட்கார அதே அட்டையை நீட்டினால், எங்கள் மருத்துவமனைக்கு வந்திருந்த சிகிச்சைப் பட்டியலில் அப்படி ஒரு வரியே கிடையாது. "கார்டுல பாக்குற சோசியல் ஒர்க்கர் எங்க இருக்காங்க?" என்று கேட்டு வந்தவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன்.

அப்படி வந்த ஒரு பெண்ணின் விஷயத்தில் நான் இரண்டு தவறு செய்தேன். முதல் தவறில் அவள் உயிர் போயிருக்கும். இரண்டாவது தவறை நல்லது என்று நினைத்துச் செய்தேன். நீங்களும் அதே இடத்தில் ஒரு நாள் நிற்பீர்கள், அதனால் மறைக்காமல் சொல்கிறேன்.

பாண்டீஸ்வரிக்கு அப்போது இருபத்தொரு வயது. செக்கானூரணிக்கு மேற்கே ஒரு ஊர். பிளஸ் டூ முடித்துவிட்டுக் கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்கு வேனில் போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் அச்சு இயந்திரத்தில் வலது கை மாட்டிக்கொண்டது. நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. கான்ட்ராக்ட் ஆள் என்று சொல்லித் தொழிலாளர் காப்பீட்டில் அவள் பெயரைச் சேர்க்காமலே வேலை வாங்கியிருக்கிறார்கள். அவளுடைய அப்பா ஒச்சப்பன், வீட்டில் இருந்த அரசுக் காப்பீட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் ஓடி வந்தார். ஆபரேஷன், மருந்து, வார்டு எல்லாம் அட்டையிலேயே நடந்தது. மீதிக் கையை எங்கள் சர்ஜன் அருமையாகக் காப்பாற்றிக் கொடுத்தார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில்தான் சர்ஜன் எனக்கு ஆள் அனுப்பினார். பெண் நாலு நாளாக யார் முகத்தையும் பார்க்கவில்லை, சாப்பாட்டைத் தொடவில்லை என்றார். நான் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அரை மணி நேரத்தில், "தூக்கம் வருது மேடம்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு வார்டு பாக்கி. ஒரு சீட்டு எழுதி ஒச்சப்பன் கையில் கொடுத்தேன். அதில் எழுதியது இவ்வளவுதான்: "கவுன்சிலிங். அடுத்த திங்கள் காலை பத்து மணி. ஒரிஜினல்களுடன் வரவும்."

ஒரிஜினல் என்று நான் சொன்னது காப்பீட்டு அட்டையையும் ரேஷன் கார்டையும். ஆபரேஷனுக்குப் பிறகு கையைக் காட்ட வரும் ஒரு வருகை அட்டையில் சேரும், அந்தச் சாக்கில் என்னையும் பார்த்துவிடலாம் என்பது என் கணக்கு. எல்லோரும் ஜெராக்ஸைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், காப்பீட்டு மேஜையில் திருப்பி அனுப்புவார்கள், அதற்காக அப்படி எழுதுவது என் வழக்கம். நீங்களே அந்தச் சீட்டை இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பிள்ளையைப் பன்னிரண்டாவது படிக்க வைத்த எந்த அப்பாவுக்கும் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். காலேஜ் சீட்டு. வீட்டில் வேறு மொழி பேசி, தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தெருவிலிருந்து பொறுக்கி வளர்ந்தவள் நான். யார் எந்தச் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும் என்று ஒரு பெருமை வேறு இருந்தது.

திங்கட்கிழமை அவர்கள் வரவில்லை. பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதினேன். அடுத்த திங்களும் அதையே எழுதினேன். ஒரு தடவை போன் பண்ணினேன், மணி அடித்து ஓய்ந்தது, அதோடு விட்டுவிட்டேன். 'வரவில்லை' என்பதை நாம் அவர்களுடைய குற்றம் போல எழுதுகிறோம். நான் என்ன செய்தேன் என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டமே இல்லை.

நான்காவது திங்கட்கிழமை ஒச்சப்பன் வந்தார். சலவை வேட்டி, சட்டை. கக்கத்தில் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். தனியாக வந்திருந்தார்.

"என்னண்ணே, இம்புட்டு நாள் கழிச்சு வாரீங்க?"

"மன்னிச்சிருங்க மேடம். வருமானச் சர்டிபிகேட் வாங்கத்தான் நாளாயிப்போச்சு. இப்ப எல்லாம் சரியா இருக்கு, பாத்துக்கங்க."

ஃபைலைத் திறந்து என் மேஜையில் ஒவ்வொன்றாக அடுக்கினார். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டு.

"இதெல்லாம் எதுக்குண்ணே?"

"கவுன்சிலிங்குக்குத்தான் மேடம். கை போன பிள்ளைகளுக்குக் கோட்டா இருக்காம்ல? ஆஸ்பத்திரியிலயே சீட்டு வாங்கித் தாராங்கன்னு ஊர்ல சொன்னேன், ஒரு பய நம்பல. திருப்பரங்குன்றம் பக்கமா கெடைச்சாத் தேவல மேடம், பஸ்ஸு வசதி."

என் ஒரு சீட்டை நம்பி ஒரு மனிதர் மூன்று வாரம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியிருக்கிறார். ஆனால் வெட்கப்பட அப்போது நேரமில்லை.

"பொண்ணக் கூட்டிட்டு வரலையாண்ணே?"

"அவ எதுக்கு மேடம், கையெழுத்து நான் போட மாட்டேனா? பிள்ள ரெண்டு நாளா நல்லா இருக்கு. காலேசுக்குப் போற சந்தோசம் போல. சுடிதாரெல்லாம் எடுத்து எந்தம்பி மகளுக்குக் குடுத்துருச்சு. காதுல கெடந்த கம்மலக்கூடக் கழட்டிக் குடுத்துருச்சு. புதுசு வாங்கிக்கிருவோம்னு நானும் விட்டுட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வாரக்கணக்கில் பேசாமல் சாப்பிடாமல் கிடந்த ஒருவர் திடீரென்று தெளிவாகி, தன் பொருட்களை ஆளுக்கொன்றாகக் கொடுக்க ஆரம்பித்தால் அது எதற்கான ஏற்பாடு என்று நீங்களும் படித்திருப்பீர்கள். பரீட்சையில் எழுதியும் இருப்பீர்கள். அது ஒரு சந்தோஷச் செய்தியாக, ஓர் அப்பாவின் வாயிலிருந்து வரும் என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

"வீட்ல இப்ப யாருண்ணே இருக்கா?"

"யாரும் இல்ல. அவ அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருக்கு."

அந்த நேரத்தில் அவருக்கு விளக்கம் சொல்ல உட்கார்ந்திருந்தால் பத்து நிமிடம் போயிருக்கும், அவரும் இடிந்து போயிருப்பார். நான் விளக்கவில்லை. தம்பி வீட்டு நம்பரை வாங்கிப் போன் போட்டேன். எதிர் வீடுதான். கம்மலை வாங்கிக்கொண்ட அந்த மகளே எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியிலருந்து பேசுறேம்மா. நீ இப்பமே ஒங்க அக்கா கிட்டப் போ. கம்மல் மாட்ட வரல, மாட்டி விடுன்னு கேளு. பேசிக்கிட்டே இரு. நாங்க வார வரைக்கும் அவள விட்டு எந்திரிக்கக் கூடாது, என்ன?"

"ஏன் மேடம்?"

"வந்து சொல்றேன். போனக் கட் பண்ணாம போ."

ஆம்புலன்ஸ் எடுக்க மேனேஜர் கையெழுத்து வேண்டும். நான் கேட்கவில்லை. டிரைவரிடம், "எடுங்கண்ணே, வர்ற திட்ட நான் வாங்கிக்கிறேன்" என்றேன். ஒச்சப்பன் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வண்டி நாகமலையைத் தாண்டியது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப சீட்டு இல்லையா மேடம்?"

"இல்லண்ணே."

அவர் ஃபைலின் பட்டனை அழுத்தி மூடினார்.

நாங்கள் போனபோது அந்தச் சின்னப் பெண் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்க, பாண்டீஸ்வரி இடது கையால் திருகாணியைப் போட முயன்றுகொண்டிருந்தாள். அது கழன்று கழன்று விழுந்துகொண்டிருந்தது. நான் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன். இப்படி நேராகக் கேட்கப் பயப்படாதீர்கள். கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

"செத்துப் போகணும்னு இருந்தியா?"

"ஆமா மேடம். இன்னைக்குத்தான்." கீழே விழுந்த திருகாணியைப் பொறுக்கிக்கொண்டே, "அந்தச் சீட்டு காலேசுக்கு இல்லன்னு எனக்குத் தெரியும். அப்பா அம்புட்டு சந்தோசமா அலைஞ்சாரு. கெடுக்க மனசு வரல" என்றாள்.

அன்றைக்கே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். அங்கே நன்றாகப் பார்த்தார்கள், சில நாள் வைத்திருந்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். மாத்திரை தொடர வேண்டும், அதோடு வாரம் இரண்டு முறை மருத்துவ சமூகப் பணியாளரோடு பேச்சு தொடர வேண்டும், ஏற்கெனவே யாரிடம் வாய் திறந்தாளோ அவரிடமே தொடர்வது நல்லது என்று எழுதியிருந்தார். ஒச்சப்பன் அந்தக் கடிதத்தையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு எங்கள் காப்பீட்டு மேஜைக்கு வந்தார்.

மேஜையில் இருந்தவன் செல்வம். இருபத்தேழு வயது, தங்கமான பையன். பட்டியலைக் கம்ப்யூட்டரில் மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான்.

"மேடம், ஒங்க வேலைக்கு இதுல வரி இல்ல. கைக்கு இருக்கு, விரலுக்கு இருக்கு, தோல் ஒட்டுறதுக்கு இருக்கு. பேசுறதுக்கு இல்ல."

மேனேஜரிடம் போனேன். அவர் இன்னும் இனிமையாகப் பேசினார். "நீங்க செய்யிறது சேவை மேடம். சேவைக்கு எப்படிப் பில் போடுவாங்க? பில் இல்லாத ஆளை ஓ.பி.யில உக்கார வைக்கவும் முடியாது. ரூல் அப்படி." சேவையாம். எழுபது பேர் இருக்கும் வார்டில் காலையிலிருந்து நின்ற கால் என்னுடையது, பட்டம் வாங்கியது நான், ஆனால் செய்வது சேவை. மயக்க மருந்து கொடுப்பவரிடம் போய் இந்தச் சொல்லைச் சொல்வாரா அவர்? இந்த மனிதர்கள் நம்மை மதிக்கவில்லை என்பதில்கூட எனக்குக் கோபம் இல்லை. மதிக்கிற மாதிரியே பேசி வாசலைச் சாத்துகிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செல்வம் சாயந்திரம் என் அறைக்கு வந்தான்.

"மேடம், ஒரு வழி இருக்கு. ஆபரேஷனுக்குப் பின்னாடி கட்டு மாத்துறதுக்கு ஒரு வரி இருக்கு. புண்ணு இன்னும் ஆறலைன்னு எழுதிக் குடுத்தா வாரம் ரெண்டு தரம் வரலாம். கட்டு மாத்துற ரூம்ல நீங்க உக்காந்து பேசிக்கங்க. யாரு பாக்கப் போறா?"

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். உடனே சரி என்றேன். ஒரு பெண்ணின் உயிர் ஒரு பக்கம், ஒரு சின்னப் பொய் ஒரு பக்கம் என்று எனக்குத் தோன்றியது. குறிப்பை நானே எழுதி, டியூட்டி டாக்டரிடம் பேச்சுக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன்.

அப்படி ஆரம்பித்தது. செவ்வாயும் வெள்ளியும் பாண்டீஸ்வரி வருவாள். சிஸ்டர் பழைய கட்டை அவிழ்ப்பார். கீழே புண் கிடையாது, தோல் மூடி வழவழவென்று இருக்கும். புதுத் துணி வைத்துச் சுற்றுவார். அந்த அறையில் ஸ்பிரிட் வாடையில், இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து நாங்கள் பேசினோம். அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். மாட்டிக்கொண்ட நிமிடத்தில் பக்கத்து மெஷின்காரி ஓடிப்போய் மெயினை அணைத்ததைப் பேசினாள். பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் போனை எடுக்காததைப் பேசினாள். சோற்றை இடது கையால் பிசையும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பேசினாள். ஆறாவது வாரம், "இன்னைக்குக் காலையில பசிச்சுச்சும்மா" என்றாள். மேடம் போய் அம்மா ஆகியிருந்தேன். எனக்கு அன்றைக்கு ஆகாயத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது.

ஆனால் ஒன்றை நான் பார்க்கத் தவறினேன். அந்தப் பெண்ணுடைய பிரச்சினையே தன் கையைப் பார்க்க முடியாததுதான். நான் செய்ய வேண்டியது அந்தக் கையைத் திறந்த வெளிச்சத்தில் அவளைப் பார்க்க வைப்பது. செய்ததோ வாரம் இரண்டு முறை அதை மூடி அனுப்பியது. கட்டுக்குள் கையை வைத்துக்கொள்ள அவளுக்கும் வசதியாக இருந்தது. ஊரில் யாராவது கேட்டால், "இன்னும் ஆறல" என்று சொல்லிவிடலாம். ஒச்சப்பன் ஒரு நாள் வராந்தாவில் என்னை மறித்து, "கை அழுகிருமா மேடம்? எம்புட்டு மாசமா ஆறலையே, இன்னும் வெட்டணுமா?" என்று கேட்டார். ராத்திரி தூங்குவதில்லையாம். அவருக்கும் உண்மையைச் சொல்லாமல், "சரியாயிரும்ணே" என்று முதுகில் தட்டி அனுப்பினேன். என் பொய்யின் வட்டி அவர் கண்ணுக்குக் கீழே கறுப்பாகத் தெரிந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும்.

மூன்றாவது மாதம் காப்பீட்டுக்காரர்களிடமிருந்து ஓர் அதிகாரி சரிபார்க்க வந்தார். ஒரே கைக்கு இத்தனை கட்டா என்று அவருக்குச் சந்தேகம். சரியான சந்தேகம்தான். அன்று வெள்ளிக்கிழமை. கட்டு மாற்றும் அறைக்குள் நேராக வந்து, அவிழ்க்கச் சொன்னார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பாண்டீஸ்வரியே இடது கையால் கட்டைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"புண்ணு எங்கம்மா?" என்றார் அதிகாரி.

"ஆறி மூணு மாசமாச்சு சார்."

"அப்ப எதுக்குக் கட்டு?"

"பேசுறதுக்கு சார்."

"என்ன பேச?"

"சாகணும்னு தோணுறதப் பத்தி. அதுக்குக் கார்டு இல்லையாம் சார். கட்டுக்குத்தான் இருக்காம்."

விரல் போன நாளிலிருந்து முன்பின் தெரியாத ஓர் ஆளை நிமிர்ந்து பார்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை. கையை மறைக்கவும் இல்லை. மூன்று மாதமாக நான் எதற்காகப் பாடுபட்டேனோ அது அந்த நிமிடத்தில் என் கண் முன்னால் நடந்தது. அது நடந்த அதே நிமிடத்தில் அவளுடைய சிகிச்சையும் முடிந்தது.

அதிகாரி கெட்டவர் இல்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "பட்டியல்ல இருந்தா நானே பாஸ் பண்ணிருவேன் மேடம். இல்லாததுக்கு நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு எழுதினார். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. டியூட்டி டாக்டருக்கும் வந்தது. செல்வத்துக்குக் கடிதம்கூட வரவில்லை, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று போனில் சொன்னார்கள். மகளுக்குத் தொட்டில் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது அவனுக்கு. போகும்போது என் அறை வாசலில் நின்று, "விடுங்க மேடம், அந்தப் பிள்ள பொழச்சுருச்சுல்ல" என்றான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சீனியராக இருந்த நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

பாண்டீஸ்வரியிடம் இனி இங்கே வர முடியாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வெளியே கேன்டீன் பக்கம் கூட்டிப் போய்ச் சொன்னேன். அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் உண்மையச் சொன்னது தப்பாம்மா?"

இத்தனை வருட வேலையில் யாரிடமும் நான் இவ்வளவு கூனிக்குறுகி நின்றதில்லை. வாயைத் திற, மனசில் இருப்பதைச் சொல், சொன்னால் நல்லது நடக்கும் என்று மூன்று மாதம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் சொன்னாள். சொன்னதும் பேசக் கிடைத்த ஒரே இடமும் பறிபோனது. "தப்பு ஒன்னுது இல்லம்மா, பொய் எழுதுனது நான்" என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. அன்றைக்கு ஒச்சப்பனிடமும் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "கை நல்லாத்தான் இருக்கா?" என்று மட்டும் மறுபடி மறுபடி கேட்டார்.

பிறகு ஐந்து மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்தாள். அங்கே கட்டு இல்லாமல் பேசினோம். மாத்திரை குறைந்தது, இடது கையால் எழுதப் பழகினாள், வலது கையைத் துப்பட்டாவிலிருந்து வெளியே எடுத்தாள். உடனே என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். ஒரு பெண் பிழைப்பதற்கு ஒருத்தியுடைய ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்றால், ஞாயிற்றுக்கிழமை இல்லாதவர்களிடம் போய்ச் சேருகிற நோயாளிகள் என்ன ஆவார்கள்? அவளைப் போல அந்த வருடம் வந்த மற்றவர்களை நான் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட முடியவில்லை. அவர்கள் பெயர்களும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். சீட்டில் ஒரு சொல்லை எழுதுமுன் நோயாளியின் அப்பாவாக மாறி அதை ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். வராதவரைத் தேடிப் போங்கள். இவை இரண்டும் யாருக்கும் புரியும். மூன்றாவதுதான் கஷ்டம். கட்டு என்ற பெயரில் பேசாதீர்கள். என் மருத்துவமனைக் கணக்கை இன்றைக்கு எடுத்துப் பார்ப்பவருக்கு என்ன தெரியும்? ஆறாத ஒரு புண்ணும் வரிசையாகக் கட்டுகளும் தெரியும். ஒரு மணி நேரப் பேச்சுகூட நடந்ததாகத் தெரியாது. நாளைக்குப் பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர்க்க உட்காருபவர், இப்படி ஒரு வேலையை யாரும் கேட்கவே இல்லையே என்று எழுந்து போவார். அவர் அப்படிப் போவதற்கு வழி செய்து கொடுத்தது என்னுடைய இரக்கம்.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை நான் உண்மையை எழுதினேன். 'மருத்துவ சமூகப் பணியாளருடன் பேச்சு, ஒரு மணி நேரம்' என்று படிவத்தில் எழுதி, டாக்டர் கடிதத்தை இணைத்து அனுப்புவேன். 'பட்டியலில் இல்லை' என்று திரும்பி வரும். அந்தத் தாள் வரும்வரை நோயாளியை என் அறையில் உட்கார வைத்துப் பேசுவேன். மேனேஜர் கத்துவார். பில் போட்டிருக்கிறேன், பதில் வரட்டும் என்பேன். திரும்பி வந்த தாள்களை எல்லாம் ஒரு மனுவோடு சேர்த்து மேலே அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். இதுவரை பதில் இல்லை. நீங்களும் எழுதுங்கள், நிராகரித்தால் மறுபடி எழுதுங்கள். எரிச்சல் மூட்டுகிற அளவுக்கு எழுதுங்கள்.

போன மாதம் பாண்டீஸ்வரி போன் பண்ணினாள். இப்போது கப்பலூரிலேயே வேறு கம்பெனியில் சரக்குச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறாள்.

"அம்மா, இங்க ஒரு பிள்ளைக்கு மெஷின்ல கை போயிருச்சும்மா. ஆபரேசன் எல்லாம் கார்டுலயே ஆயிருச்சு. ஆனா பேச மாட்டேங்குது. இப்பவாச்சும் கார்டுல பேசுறதுக்கு ஆள் வந்துருச்சாம்மா?"

"இல்லடி."

பின்னால் மெஷின் ஓடுவது கேட்டது.

"சரிம்மா. நான் போறேன். ஷிப்டு முடிஞ்சு தெனமும் அது கிட்டப் போயி உக்காந்துக்கிறேன். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

பிழைத்து எழுந்த பெண் இன்னொருத்திக்குத் துணையாகப் போகிறாள் என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பெண் சாக நினைத்தால் இவள் என்ன செய்வாள்? எந்த அடையாளத்தைப் பார்க்க வேண்டும், எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்று இவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, எட்டு விரலோடு, ஒரு பயிற்சியும் இல்லாமல் அவள் அந்தக் கட்டில் பக்கத்தில் போய் உட்காருகிறாள். அதற்குப் படித்தவர்கள் நீங்கள். அட்டையில் உங்கள் வேலைக்கு ஒரு வரி இல்லை என்ற ஒரே காரணத்தால், நீங்கள் உட்கார வேண்டிய இடத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.